நாயனக்காரரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி

ராமேசுவரத்தில் தை அமாவாசைத் தீர்த்தவாரியன்று காலையில், அக்னி தீர்த்தக் கரையின் ஈர மணலில் நின்று நாயனம் எனப்படும் நாகசுவரத்தை வாசிப்பவரின் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். வெயில் மேலிருந்து மட்டும் விழுவதில்லை. கடலும் மணலும் அதை வாங்கித் திருப்பி அனுப்புவதால், மோவாய்க்கு அடியிலும் முன்கைகளின் கீழ்ப்புறத்திலும் இருண்டிருக்க வேண்டிய இடங்கள் வெளிர் நீலமாகவும் இளம்பச்சையாகவும் ஒளிர்கின்றன. கறுத்த நெற்றியில் வியர்வை படிந்த இடம் வானத்தின் நிறத்தைக் காட்டுகிறது. மூச்சை அடக்கிய கன்னம் செம்பாகச் சிவக்கிறது. வீட்டுக்குள் அமர்ந்து வரையும்போது நாமாகக் கற்பனை செய்ய வேண்டிய நிறங்களில் பாதியை இந்தக் கரை தானாகவே கொடுத்துவிடுகிறது. இசைக்கலைஞர் ஒருவரை அழுத்தமான நிறங்களில், உணர்ச்சி ததும்ப, எண்ணெய் வண்ணத்தில் தீட்ட விரும்புகிறவர்களுக்காக, இந்தக் கரையில் இருந்துகொண்டு அத்தகைய ஓவியங்களைப் பல ஆண்டுகளாகத் தீட்டிவருகிற அனுபவத்தில் சில முறைகளை இங்கே எழுதுகிறேன். நாகசுவரக் கலைஞரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தவில், மிருதங்கம், தப்பு என்று எவரை வரைந்தாலும் முறை பெரும்பாலும் இதுவே.

அழுத்தமான நிறம் என்றவுடன், கையில் இருக்கும் அத்தனை நிறங்களையும் குழாயிலிருந்து பிதுக்கிய மேனிக்கே பூசிவிடுவதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்கிற முதல் பிழை. ஓர் இடத்துக்கு எந்த நிறத்தை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் அந்த இடம் எவ்வளவு வெளிச்சமானது, எவ்வளவு இருண்டது என்ற அளவு மட்டும் தவறக்கூடாது. கன்னத்தின் நிழலைப் பச்சையாகத் தீட்டினாலும், அந்தப் பச்சை நிழலுக்கு உரிய அளவு கறுத்திருந்தால் பார்ப்பவரின் கண் அதை ஏற்றுக்கொள்ளும். அளவு தவறினால், உண்மையான தோல் நிறத்தையே தீட்டியிருந்தாலும் முகம் தட்டையாகிவிடும். சுருதியில் நிற்கிறவர் கற்பனையில் எவ்வளவு தூரமும் போய்வரலாம் என்று இசையில் சொல்வார்கள் அல்லவா, ஒளியும் இருளும் நமக்கு அந்தச் சுருதி.

எனவே வேலை தூரிகையில் தொடங்குவதில்லை, கரித்துண்டில் தொடங்குகிறது. கோயிலிலோ திருமண வீட்டிலோ வாசிக்கிற கலைஞரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, அவருக்கு இடைஞ்சல் இல்லாத ஓர் இடத்தில் அமர்ந்து, உள்ளங்கை அளவுத் தாள்களில் இருபது முப்பது கோட்டுப்படங்களை வேகமாக வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படம் பிற்பாடு துணியின் மடிப்பையும் நகையின் அமைப்பையும் சரிபார்க்க உதவும்; ஆனால் அது ஒரு கணத்தை மட்டுமே பிடித்திருக்கும். வாசிப்பவரின் உடலோ ஒவ்வொரு சங்கதிக்கும் அசைகிறது. கோயிலில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு, வாசித்துக்கொண்டிருக்கும்போது உள்ள முகத்தை எல்லோரும்தான் வரைகிறார்கள், ஊதும் நாக்கான சீவாளியை உதட்டில் வைப்பதற்கு முன் இழுக்கிற மூச்சை வரையக் கூடாதா என்று கேட்டார். அதன் பிறகு நான் கழுத்தையும் தோளையும் பார்க்கத் தொடங்கினேன். மூச்சை இழுக்கும்போது தோள்பட்டைகள் உயர்கின்றன, காறை எலும்புகளுக்கு மேலே உள்ள குழி ஆழமாகிறது, கண்கள் தாமாகப் பாதி மூடுகின்றன. உணர்ச்சியைக் காட்டுவதற்குப் புருவத்தை நெரிக்கவோ வாயைக் கோணலாக்கவோ தேவையில்லை. அந்தக் குழியின் நிழல் ஒன்றே போதும்.

கருவியின் அமைப்பையும் தெரிந்துகொண்டு வரைய வேண்டும், ஏனெனில் நாயனத்தை அறிந்தவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். ஆச்சா மரத்தில் கடைந்த குழலான உலவு மேலே குறுகி, கீழே வர வர அகலும்; அதன் முடிவில் அணசு என்னும் வாய்ப்பகுதி விரியும்; உச்சியில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழலும் அதன்மேல் சீவாளியும் பொருந்தும். விரல் வைக்கிற துளைகள் 7. அவற்றின் கீழே விரல் படாத பிரம்மசுரத் துளைகள் 5 உள்ளன. மேல்கையின் மூன்று விரல்கள் மேல் துளைகளிலும், கீழ்க்கையின் நான்கு விரல்கள் கீழ்த் துளைகளிலும் படிகின்றன. பாரி நாயனம் இரண்டரை அடிக்கு மேல் நீளமுடையது என்பதால், அதை வாசிப்பவரின் கீழ்க்கை முழங்கையில் நன்கு நீள்கிறது. குட்டையான திமிரியில் அந்த நீட்சி இருக்காது. உலவின் மேற்பகுதியிலிருந்து நூலில் கோத்த மாற்றுச் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதையும் மறக்க வேண்டாம். கலைஞர் அசையும்போது அந்தக் கொத்து வேறொரு தாளத்தில் ஆடும். படத்தில் அசைவைக் காட்ட அதைவிட எளிய இடம் கிடையாது.

கோட்டுப்படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், அதை அஞ்சலட்டை அளவில் கறுப்பு, நடுச் சாம்பல், வெள்ளை ஆகிய மூன்றே அளவுகளில் மறுபடி வரையுங்கள். கண்களை இடுக்கிக்கொண்டு பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து இந்த மூன்றும் தெளிவாகும். வெள்ளை வேட்டி, மார்பின் நடுநிறம், உலவின் கருமை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளுமாறு அமைந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். நாயனம் சட்டத்தின் ஒரு மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலையை நோக்கிச் சாய்ந்து இறங்கட்டும். ஆனால் மூலையையே தொட்டுவிடாமல், அணசின் வாய்க்கு முன்னால் சற்று வெற்றிடம் இருக்கட்டும். ஒலி வெளியேறுவதற்கு இடம் வேண்டும். இந்தச் சிறுபடத்தைப் பலகையின் ஓரத்தில் குத்தி வைத்துவிட்டு, ஓவியம் முடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அடுத்தது தலைமை நிறம். முனிச் நகரில் 1911ஆம் ஆண்டு ஜனவரியில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வந்த ஓவியர் காண்டின்ஸ்கி, அந்த அனுபவத்தைத் தீட்டியபோது படத்தின் பெரும்பரப்பை மஞ்சளுக்குக் கொடுத்து, பியானோவை ஒரு கருமையான திரளாக அதில் நிறுத்தினார். அரங்கில் அப்படி ஒரு மஞ்சள் இருந்ததா என்பது அங்கே கேள்வியில்லை. கேட்ட ஒலிக்கு அவர் கொடுத்த நிறம் அது. நாமும் அதையே செய்யலாம். ஒரு நிறம் படத்தின் பாதிக்கு மேல் ஆளட்டும். அதற்கு எதிர்நிறம் மிகச் சிறிய பரப்பில் வரட்டும். மற்றவை அவ்விரண்டுக்கும் அடங்கி நிற்கட்டும். சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர் இணைகள். இரண்டையும் சம அளவில் வைத்தால் அவை சண்டையிட்டுக் கண்ணைக் களைப்பாக்கும்.

நாகசுவரத்துக்கு என் தேர்வு சிவப்பு. அதன் ஒலியில் உள்ள காரத்துக்கு வேறு நிறம் எனக்குப் பொருந்தியதில்லை. அந்தச் சிவப்பைக் கற்றுக்கொள்ள நம் மாவட்டத்தில் எல்லோர் வீட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயின் வற்றல் ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்து, சன்னலோரத்தில் அரை மணி நேரம் பாருங்கள். வெளிச்சம் நேராகப் படும் மேற்புறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. பக்கவாட்டில் திரும்புகிற இடம் சுத்தமான அடர் சிவப்பு. சுருக்கங்களுக்குள் கறுப்பு என்று முதலில் தோன்றுவது, கூர்ந்து பார்த்தால் கத்தரிக்காயின் ஊதா. தோல் பளபளக்கும் ஒரு புள்ளி மட்டும் வெள்ளையாகவும் இல்லாமல் சிவப்பாகவும் இல்லாமல், வானத்தின் வெளிர் நீலம். தட்டின்மேல் விழும் நிழலில்கூட மிளகாய்க்கு அருகில் ஒரு செம்மை இருக்கும். இந்த நான்கைந்து நிறங்களையும் கலந்து ஒரு துண்டுக் கேன்வாஸில் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பழகுங்கள். சிவப்பைக் கருமையாக்கக் கறுப்பைச் சேர்க்கக்கூடாது, அது செங்கல் சேறு போலாகிவிடும். அலிசரின் கிரிம்சனும் சிறிது அல்ட்ராமரின் நீலமும் சேர்க்க வேண்டும். வெளிச்சமாக்கும்போதும் வெள்ளையைச் சேர்த்தால் ரோஜா நிறமாகிவிடும். காட்மியம் ஆரஞ்சைச் சேர்த்தால் சூடு குறையாது. ஒரு மிளகாயை இப்படித் தீட்டத் தெரிந்தவருக்குச் சிவக்கிற கன்னத்தைத் தீட்டத் தெரிந்துவிடும்.

வாங்க வேண்டிய நிறங்கள் எட்டு: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், எல்லோ ஓக்கர், காட்மியம் ஆரஞ்சு, காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், விரிடியன் பச்சை. தோலின் அடிநிறத்துக்கும் கேன்வாஸின் அடிநிறத்துக்கும் பர்ன்ட் சியன்னாவைச் சேர்த்துக்கொண்டால் ஒன்பது. பணம் குறைவாக இருந்தால் மண் நிறங்களையும் நீலத்தையும் மாணவர் தரத்தில் வாங்கி, சிவப்பையும் ஆரஞ்சையும் மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள். மலிவான சிவப்பில் நிரப்புப்பொருள் அதிகம் என்பதால் எவ்வளவு பூசினாலும் ஏறாது. பன்றிமயிர்த் தட்டைத் தூரிகைகளில் பெரியவை மூன்று, சிறியது ஒன்று, பேலட் கத்தி ஒன்று, லின்சீட் எண்ணெய், டர்பன்டைன், பழைய பருத்தித் துணி ஆகியவை போதும். காட்மியம் நச்சுத்தன்மை உடையது. தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள், சாப்பிடுவதற்கு முன் கைகளை நன்கு கழுவுங்கள்.

கேன்வாஸ் நிமிர்ந்த வாக்கில் 24க்கு 36 அங்குலம் இருந்தால் தோளும் முழங்கையும் நீட்டி வீச இடம் கிடைக்கும். சிறிய பரப்பில் மணிக்கட்டு மட்டுமே வேலை செய்யும், கோடு பயந்துவிடும். ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை இரண்டு முறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் மென்மையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பரப்பின்மேல் நேராகத் தீட்டாமல், பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நன்கு இளக்கி முழுவதும் பூசி, துணியால் துடைத்து, ஓரிரு நாள் காயவிடுங்கள். தூரிகை விட்டுச்செல்கிற இடைவெளிகளில் இந்தச் செம்மண் நிறம் எட்டிப் பார்த்து, மேலே வரும் நீலங்களையும் பச்சைகளையும் ஒன்றாகக் கட்டும். சேதுபதி மன்னர்களின் ராமலிங்க விலாச அரண்மனையில் உள்ள சுவரோவியங்களை ஒரு முறை ராமநாதபுரம் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் நல்லது. சிவப்பும் மஞ்சளும் ஓங்கி நிற்க, உருவங்களை உறுதியான கோடு சூழ்ந்திருக்கும் அந்தச் சுவர்கள், நிறத்தின் துணிவு நமக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது அல்ல என்பதைக் காட்டும்.

இனி தீட்டுதல். இளக்கிய அல்ட்ராமரின் நீலத்தால் உருவத்தின் பெரிய கோடுகளைப் பெரிய தூரிகையில் போடுங்கள். கண், மூக்கு எதுவும் வேண்டாம். பிறகு இருண்ட பகுதிகள் அனைத்தையும் ஒரே மூச்சில் நிரப்புங்கள். உலவு, தலைமுடி, மோவாய் நிழல், கையின் அடிப்புறம் ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாகப் பார்க்காமல் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே நிழல் நிலமாகப் பாருங்கள். அதன்பின் நடுநிறங்கள், கடைசியில் வெளிச்சங்கள். இந்த முதல் பூச்சில் டர்பன்டைன் கூடுதலாகவும் எண்ணெய் குறைவாகவும் இருக்க வேண்டும்; மேலே போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணத்தைப் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாக இறுகும். அதன்மேல் எண்ணெய் குறைந்த பூச்சை வைத்தால் மேலே உள்ளது முதலில் விறைத்து, கீழே உள்ளது பின்னர் அசையும்போது வெடித்துவிடும்.

இதை நான் ஓர் ஓவியத்தை இழந்து கற்றுக்கொண்டேன். பின்னணி முழுவதையும் ஐவரி கறுப்பால் கனமாகப் பூசி, அது தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்ததும், அதன்மேல் வெள்ளை வேட்டியை டர்பன்டைனில் இளக்கித் தீட்டினேன். ஐவரி கறுப்பு எண்ணெயை மிகுதியாக உறிஞ்சுகிற, மிக மெதுவாகக் காய்கிற நிறம். எட்டு மாதம் கழித்து, வேட்டியின் மடிப்புகளில் வற்றிய கண்மாய்த் தரையைப் போல வெடிப்புகள் ஓடின. அதன் பிறகு கறுப்புக் குழாயை நான் வாங்குவதில்லை. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கிடைக்கும் கருமை அதைவிட ஆழமானது; நீலத்தைக் கூட்டினால் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் சூடாகும்.

முகத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். நம் மக்களின் கறுத்த, மாநிறத் தோலைத் தீட்டும்போது பழுப்பில் வெள்ளையைக் கலந்து வெளிச்சம் காட்டுவது நெடுநாள் தவறு. அது தோலைச் சாம்பல் பூத்ததாக்கிவிடும். அடிநிறமாகப் பர்ன்ட் சியன்னாவும் சிறிது அலிசரினும் வையுங்கள். கன்னத்தின் புடைப்பு வெயிலை நோக்கித் திரும்புகிற இடத்தில் காட்மியம் ஆரஞ்சை ஒரே வீச்சில் கனமாக வைத்து, திரும்பத் தடவாமல் விட்டுவிடுங்கள். நிழல் பக்கம் அல்ட்ராமரினும் அலிசரினும் சேர்ந்த ஊதாவாகட்டும். அந்த ஊதாவுக்குள், மோவாய்க்கு அடியில், கடலிலிருந்து எழும் ஒளிக்காக விரிடியனும் சிறிது வெள்ளையும் கலந்த ஒரு கீற்றை வையுங்கள். அது சுற்றியுள்ள நிழலைவிடச் சற்றே வெளிச்சமாகவும், வெயில் படும் கன்னத்தைவிடத் தெளிவாக இருண்டும் இருக்க வேண்டும். நெற்றி மேட்டின் வியர்வைப் புள்ளிக்கு வெளிர் நீலம். மிளகாயில் பார்த்த அதே நீலம். விபூதிப் பட்டைகளைக்கூட முழு வெள்ளையாக்காமல், வெயில் பக்கம் மஞ்சள் சாய்ந்த வெள்ளை, நிழல் பக்கம் ஊதா சாய்ந்த வெள்ளை என்று பிரித்துத் தீட்டினால் நெற்றியின் வளைவு தானாக வந்துவிடும். இந்தச் சிறு வேறுபாட்டில்தான் முகம் உயிர்பெறுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

விரல்களை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினால் கை மரக்கட்டையாகும். மூன்று விரல்களை ஒரே திரளாகத் தீட்டி, மூட்டுகளில் மட்டும் வெளிச்சத்தை வைத்து, ஏதேனும் ஒரு விரலைத் துளையிலிருந்து சற்றுத் தூக்கி நிறுத்துங்கள். எந்தச் சுரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு சுரம் பிறந்துகொண்டிருப்பது தெரியும். உலவின் பளபளப்புக்கு நீளவாக்கில் ஒரே ஒரு நீலக் கோடு, அதுவும் இரண்டு இடத்தில் அறுபட்டு. சீவாளிக் கொத்தின் நூல்களைத் தூரிகையால் வரைய வேண்டாம். வண்ணம் ஈரமாக இருக்கும்போது தூரிகைக் காம்பின் முனையால் கீறினால், அடியிலுள்ள செம்மண் நிறம் மெல்லிய இழையாக வெளிப்படும். சரிகைக்கும் சங்கிலிக்கும் கடையில் விற்கும் தங்கப் பெயின்ட் கூடாது. எல்லோ ஓக்கர் அடியாகவும், அருகில் ஊதா நிழலுமாக வைத்து, லெமன் மஞ்சளைக் கத்தி முனையால் இரண்டு மூன்று இடங்களில் அப்பினால் தங்கமாகத் தெரியும்.

பின்னணியில் கோபுரம், கடல், பாம்பன் பாலம் மூன்றையும் சேர்த்து வைக்கும் ஆசையைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று போதும். கடலைத் தேர்ந்தால் கிடைக்கோடுகள் நாயனத்தின் சாய்வை எடுத்துக்காட்டும். நம் மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைப் ஆண்கடல் என்றும் சொல்வார்கள்; அமைதியான ராகத்துக்கு முன்னதன் விரிந்த, தூரிகைத் தடம் தெரியாத வெளிர்ப் பச்சையும், வேகமான பல்லவிக்குப் பின்னதன் கத்தியால் அறைந்த கருநீலமும் பொருந்தும். கோயிலைத் தேர்ந்தால் 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தில் நான்கைந்து தூண்களை மட்டும் நிறப்பட்டைகளாக்கி, தொலைவுக்குப் போகப் போக இடைவெளியைக் குறைத்துக்கொண்டு போனால், அவையே தாளமிடும். கரையில் நிற்கும் வல்லங்களின் பக்கப்பலகையில் பூசியிருக்கும் நீலம், பச்சை, மஞ்சள் பட்டைகளும் நல்ல பின்னணிதான். எதுவாக இருந்தாலும் பின்னணியின் நிறத்தில் சிறிதைக் கலைஞரின் நிழலுக்குள்ளும், அவருடைய தலைமை நிறத்தில் சிறிதைப் பின்னணியிலும் கலந்துவிடுங்கள். உருவத்தின் ஓரம் எல்லா இடத்திலும் கூர்மையாக இருக்க வேண்டியதில்லை. முகத்தருகிலும் விரல்களருகிலும் கூர்மை இருக்கட்டும், முதுகும் வேட்டியின் கீழ்ப்பகுதியும் பின்னணிக்குள் கரையட்டும்.

கத்தியால் கனமாக அப்புவதைக் கடைசி அமர்வுக்கு ஒத்தி வையுங்கள். வெளிச்சம் படும் இடங்களில் மட்டும் அப்புங்கள். நிழல் மெல்லியதாகவும் வெளிச்சம் தடித்ததாகவும் இருந்தால், அறையின் வெளிச்சமே தடித்த வண்ணத்தின் மேட்டில் விழுந்து துணைசெய்யும். மூன்றாவது முறை ஒரே இடத்தைத் தொடுகிறோம் என்று தெரிந்தால், அந்த இடத்தைக் கத்தியால் முழுவதும் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒரே வீச்சில் வையுங்கள். தடவித் தடவித் திருத்திய நிறம் சேறாகுமே தவிர ஒளிராது.

கடற்கரையில் தீட்டுகிறவர்களுக்கு இன்னும் சில எச்சரிக்கைகள். தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெளியே ஓவியத் தாங்கியை நிறுத்தினால், ஈர வண்ணத்தில் மணல் ஒட்டிக்கொள்ளும். கோட்டுப்படத்தோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குள் தீட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதத்தால் கேன்வாஸ் தொய்யும். சட்டத்தின் மூலை ஆப்புகளை லேசாகத் தட்டி இறுக்கலாம், ஆனால் வெயில் திரும்பியதும் அது மறுபடி விறைக்கும் என்பதால் அளவோடு தட்ட வேண்டும். மெல்லிய பூச்சு சாதாரண நாள்களில் சில நாள்களிலேயே தொடுவதற்குக் காயும். மழைக்காலத்தில் அதைவிட நெடுநாள் எடுக்கும். கத்தியால் அப்பிய தடிப்பு உள்ளே இறுகப் பல மாதமாகும். காயும் ஓவியத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல், பின்புறம் காற்று போகும்படி இரண்டு மரத்துண்டுகளை வைத்து நிறுத்துங்கள். உப்புக்காற்றில் ஈரம் பிடித்த சுவரிலிருந்து பூஞ்சை ஏறும். இருட்டான அறையிலோ துணிபோட்டு மூடியோ காயவைத்தால் லின்சீட் எண்ணெய் மஞ்சளித்து நீலங்களை மங்கச் செய்யும். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள இடமே ஏற்றது.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய் இறுகும்போது வெப்பத்தை வெளியிடும்; சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடிக் கூடித் தானாகத் தீப்பற்றும். ஓலைக் கொட்டகையிலும் பிளைவுட் தடுப்பறையிலும் வேலை செய்கிறவர்கள் இதை மிகக் கவனமாகக் கொள்ள வேண்டும். துணிகளைத் தனித்தனியாக விரித்து வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். டர்பன்டைன் வைத்திருக்கும் அறையில் சன்னல் திறந்திருக்கட்டும்.

வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுவரை பொறுத்திருக்க வேண்டும். அதுவும் பங்குனி, சித்திரையின் உலர்ந்த நாள் ஒன்றைப் பார்த்து, ஓவியத்தைக் கிடையாக வைத்து, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிய பின் பூசுங்கள். அதற்கு முன் டர்பன்டைனில் தோய்த்த பஞ்சால் ஓரத்தில் சிவப்பு உள்ள ஓர் இடத்தை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் ஓவியம் இன்னும் ஆறவில்லை, மேலும் இரண்டு மாதம் விட்டுவிடுங்கள்.